யாரும் ஏறாத சிறுமேடை

பிள்ளைகளே, சிட்னியின் பரமட்டாவில் ஒரு மண்டபத்தில் நான் கண்டதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

என் மகள் துளசி உள்ளூர் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவள். குழுவைக் கையசைத்து நடத்திய முதிய கொண்டக்டர் இறந்துபோனார். அவருடைய இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்திருந்தார். அன்றுதான் அவருடைய முதல் கச்சேரி.

"அவவின்ர கையைப் பாத்து வாசிக்க எனக்கு வராதப்பா. இண்டையோட குழுவை விடப்போறன்," என்றாள் துளசி.

"முதல்ல போய் வாசி, பிள்ளை."

புதியவர் நடத்துபவரின் சிறுமேடையில் ஏறவில்லை. "முதல் பாட்டு பழையவருக்கு" என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

வில்கள் ஒன்றாக உயர்ந்தன. எல்லோரும் அந்த வெற்று மேடையையே பார்த்து வாசித்தார்கள். ஓரிடத்தில், யாரோ கையமர்த்தியதுபோல இசை சட்டென்று தணிந்தது. துளசி யாருக்கோ பதில் சொல்வதுபோலத் தலையாட்டினாள்.

பிறகு புதியவர் ஏறினார். துளசியின் கண்கள் அவர் கையை விட்டு அகலவேயில்லை.

காரில் கேட்டேன். "முதல் பாட்டுக்கு ஆரைப் பாத்து வாசிச்சனி?"

"பழையவரைத்தான். கடைசியில, இனி அவவைப் பார் எண்டு கைகாட்டினவர்."

அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வந்த ஒருவருக்கு ஏன் பயப்பட வேண்டும்?