பனி அள்ளினவர் வெயில் விற்ற கதை

மெர்ல் ஹாகனுக்கு வெயில் என்றால் உயிர். அப்படித்தான் சொல்லிக்கொள்வார். வெயிலில் அவரை நான் பார்த்தது ரொம்பக் குறைவு. எங்கள் கடற்கரைக்கு மேலே குன்றில் வீட்டைக் கட்டி, ஜன்னல்களை இறுக மூடி, ஏசியைத் தன் ஊர்க் குளிருக்கு வைத்து, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சீனியா, இந்த வெயிலுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்" என்பார் என்னிடம். கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு.

குன்றின் அடியில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. சோறு, கறுப்பு பீன்ஸ், பொரித்த வாழைப்பழம், அன்றைக்குக் கிடைத்த மீன். வடக்கிலிருந்து வரும் வெள்ளைக்காரர்களான இந்தக் கிரிங்கோக்களுக்கு இத்தனை வருஷமாகச் சமைத்துப் போட்டதில் அவர்கள் பாஷையும் எனக்கு அத்துப்படி, பொய்யும் அத்துப்படி. கோஸ்டா ரிக்காவுக்கு ஓய்வெடுக்க வருகிறவர்களைப் போல ஓயாமல் பேசுகிற ஜனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மெர்ல், மினசோட்டாவில் டுலூத் என்ற ஊரில் பனி அள்ளும் வண்டி ஓட்டினவர். குளிர்காலம் முழுக்க விடியுமுன் எழுந்து ரோட்டில் கிடக்கும் பனியைத் தள்ளித் தள்ளி, வேலையின் கடைசி நாளன்று வண்டிச் சாவியைப் பனிக்குவியலில் வீசி எறிந்துவிட்டு வந்தாராம். எல்லாரிடமும் சொல்லுவார். அவர் மனைவி ஆர்லிஸ் என் காதோடு சொன்னது வேறு: "எறிஞ்சது நிஜம். அப்புறம் ரெண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினோம். ஆபீஸ்ல திருப்பிக் கொடுக்கணும்ல?"

ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். சும்மா உட்காரத் தெரியாது. காலையில் என் கடைக்கு இறங்கி வந்து, நான் கேட்காமலே கத்தியை எடுத்து மரவள்ளிக் கிழங்கு சீவ ஆரம்பித்துவிடுவார். எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு அவரைத் தோன்யா என்றும் மெர்லைத் தோன் என்றும்தான் கூப்பிடுவேன், ஆனால் அந்த அம்மாள் மேல் எனக்கு உயிர். மெர்ல் அங்கே சொகுசாகக் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, இவர் இங்கே என் அடுப்படியில் வியர்வை வழியச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இவர்கள் வந்த விதம், எல்லாரும் வருகிற விதம்தான். டெரிக் என்று ஒருவன் இருக்கிறான், அவர்கள் ஊர்க்காரன். ஓய்வு பெறப் போகிறவர்களை வடக்கிலிருந்து அழைத்துவந்து வேனில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. மழை இல்லாத மாதங்களில் மட்டும் வருவான். வியாழக்கிழமை மதியம், ஏற்கெனவே குடியேறிய ஒருவர் வீட்டில் விருந்து. சமையல் என்னுடையது, பேச்சு அவர்களுடையது. அந்தப் பேச்சுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: குறை என்று ஒரு வார்த்தை வாயில் வரக் கூடாது. அக்டோபரில் பெல்ட்டிலும் செருப்பிலும் பச்சையாகப் பூஞ்சை பிடிப்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆறு பெருகி ரோடு அறுந்து, டெங்குக் காய்ச்சல்காரரைப் படகில் கொண்டுபோனதைச் சொல்ல மாட்டார்கள். தனியாக ஏமாந்தால் முட்டாள், பத்துப் பேரோடு சேர்ந்து ஏமாந்தால் புத்திசாலி என்பது அவர்கள் கணக்கு. ஒருத்தர் வாய் தவறினால் அத்தனை பேர் மானமும் போய்விடும், ஆகவே கட்டுக்கோப்பாக இருப்பார்கள்.

அந்த விருந்தில் மெர்லை அடிக்க ஆள் கிடையாது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்த ரகம். கூரையில் உடும்பு உருண்டு தூக்கம் போனதை, "இயற்கையோட இசை" என்பார். கரண்ட் போய் ஏசி நின்றால், "நட்சத்திரம் பாக்கக் கிடைச்ச நேரம்" என்பார். இதைக் கேட்டு வாயைப் பிளக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஆர்லிஸ் ஒரு நாள் கிழங்கைச் சீவாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன தோன்யா ஆர்லிஸ்? ஒடம்பு சரியில்லையா?"

"எங்க அக்கா லவோன்... அவளுக்கு மறதி முத்திப்போச்சு, சீனியா. பெத்த பிள்ளைங்களையே யாருன்னு கேக்குறாளாம். ஃபோன்ல என் குரல் மட்டும் இன்னும் தெரியுது. அதுவும் எத்தனை நாளைக்கோ."

"அப்ப கிளம்ப வேண்டியதுதானே?"

"போனா ரெண்டு பேருமாப் போய் அவ பக்கத்துலயே இருந்துடணும். கையில இருந்ததெல்லாம் இந்த வீட்டுலதான் கெடக்கு. வித்தாத்தான் அங்க ஒண்டிக்க ஒரு இடம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மெர்ல் சரின்னுட்டார். மழை விட்டு, மொத வேன் வந்ததும் வித்துடலாம்னு சொல்லிட்டார்" என்றார்.

அன்றிலிருந்து அந்த அம்மாள் மழையைத் திட்டாத நாள் கிடையாது. எப்போது நிற்கும், எப்போது வேன் வரும், அதுவரை அக்காவுக்குத் தன்னை ஞாபகம் இருக்குமா என்று அதே புலம்பல்தான். ஃபோனில் அக்கா "யாரு?" என்று கேட்ட நாட்களில் கிழங்கு சீவ வரமாட்டார்.

மழை விட்டது, வேன் வந்தது. வந்தவர்களில் கனடாக்காரக் கோதுமை விவசாயி ஒருவர் இருந்தார், டுவைட் என்று பெயர், கூட மனைவி கோரின். அவர்களுக்கு மெர்லின் வீடு பிடித்துப்போனது. "கேட்ட விலைக்கே வாங்கிக்குவாங்க போலிருக்கு. வியாழக்கிழமை விருந்து உங்க வீட்டுல வச்சுக்கலாம், அங்கேயே பேசி முடிச்சுடலாம்" என்று டெரிக் சொல்லிவிட்டான்.

வியாழன் காலை நான் மீனோடு போனபோது ஆர்லிஸ் சமையலறை மேடையை மூன்றாவது தடவை துடைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, உதட்டில் சாயம். "மீனைக் கொடு, நானே கழுவுறேன்" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து மெர்ல் எழுந்தார். ஆரம்பித்துவிட்டார். பனி, வண்டி, சாவியை எறிந்தது, காலையில் கடல், முழங்கால் வலி பறந்தது, மீன் விலை, ஜனங்களின் அன்பு. என்னைக் கூடக் கூப்பிட்டு நிறுத்தி, "இவ எங்க குடும்பத்துல ஒருத்தி" என்றார். என் கடைசிப் பெண்ணின் பெயர் கேட்டால் அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிஷம், இந்த ஊருக்குக் குடிவந்தால் என்ன என்று தோன்றிவிட்டது!

டுவைட் நிதானமான ஆள். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி மெர்ல். இவ்வளவு நல்லா இருக்கிற இடத்தை ஏன் விக்கிறீங்க?"

ஒரு நியாயமான கேள்வி. பதிலும் கையில் இருந்தது: என் மனைவியின் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. இதில் வீட்டுக்கு என்ன குறை வந்துவிடும்? ஆனால் அந்த விருந்தில் முதல் தடவையாக ஒரு கிரிங்கோ, ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். மற்ற வீட்டுக்காரர்கள் தட்டைப் பார்த்தார்கள். டெரிக் தொண்டையைக் கனைத்தான். மெர்ல் ஆர்லிஸைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், சிரித்தார்.

"விக்கிறதா? யார் சொன்னா? என்னை இங்கேருந்து பொணமாத்தான் தூக்கணும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். பாவிகள், கைதட்டினார்கள்!

ஆர்லிஸ் வாழைப்பழத் தட்டை மேசையில் வைத்தார். "மெர்ல், நாம விக்கிறோம்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"பாத்தீங்களா? இவ இப்படித்தான் விளையாடுவா."

இன்னொரு சிரிப்பு. ஆர்லிஸ் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டம் போனதும் நான் விடவில்லை. "தோன் மெர்ல், உங்க வாய்க்குப் பூட்டே கெடையாதா? அந்தம்மா ஆறு மாசமா இதுக்குத்தானே உசுரைக் கையில பிடிச்சுட்டு இருந்தாங்க?"

"உனக்குப் புரியாது. அவன் எப்படிக் கேட்டான் பாத்தியா? ஏதோ நான் தோத்துப்போய் ஓடுறவன் மாதிரி."

"ஓடினா என்ன? எதுல ஜெயிச்சீங்க, தோக்குறதுக்கு?"

அவர் ஏசியின் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டார். "அங்க என் கூட வேலை பாத்தவனுங்க எல்லாம் இன்னும் பனி அள்ளிட்டு இருக்கானுங்க. வருஷா வருஷம் இந்தக் கடலை ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு இருக்கேன். அவனுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

இதற்குத்தான். எங்கேயோ பனி அள்ளுகிற நாலு பேர் முகத்துக்காக, கூடவே வாழ்ந்தவளின் முகம் அவருக்குத் தெரியவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இந்த வெட்கம் கடைசியில் பெண்டாட்டியையும் அறியவில்லை.

சனிக்கிழமை டெரிக்கின் வேன் விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது ஆர்லிஸ் ஒரு பெட்டியோடு வந்து ஏறினார். டெரிக் முகம் வெளுத்துவிட்டது. மற்றவர்களோடு பேசிவிடுவாரோ என்று பயந்து முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். என்னைக் கட்டிக்கொண்டபோது அந்த அம்மாள் அழவில்லை. நான்தான் அழுதேன். மேலே மெர்ல் வராந்தாவில் நின்று, சந்தைக்குப் போகிறவளுக்குக் காட்டுவதுபோலக் கையை ஆட்டினார். டுவைட் தம்பதி பதிலுக்குக் கையாட்டினார்கள். அவர்கள் பக்கத்துக் குன்றில் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் மெர்லின் பேச்சைக் கேட்டுத்தான்.

அடுத்த விருந்தும் மெர்ல் வீட்டிலேயே. புது முகங்கள், அதே பேச்சு. "உங்க வீட்டம்மா எங்கே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அக்காவைப் பாக்கப் போயிருக்கா. ரெண்டு வாரம்கூடத் தாங்க மாட்டா. இந்த இடத்தை விட்டு அவளால இருக்க முடியாது."

காபித் தட்டை எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "உனக்கு ஃபோன் பண்ணினாளா? என் ஃபோனை எடுக்க மாட்டேங்குறா."

"பண்ணினாங்க."

"அக்காவுக்கு அவளைத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கதவைத் திறந்ததும் 'வந்துட்டியா ஆர்லிஸ்'னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். சொல்லும்போதே அழுகை."

அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் வந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "என்னைப் பத்திப் பேச்சு வந்துதா?"

"வந்துது. உங்களைப் பத்தி இவங்க சொல்லப் போயிருக்காங்க. 'யாரு மெர்ல்?'னு கேட்டாங்களாம் அக்கா. 'யாருன்னு சொல்றது சீனியா?'ன்னு என்னைக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நல்லாப் பேசுவாருன்னு சொல்லச் சொன்னேன்."

கூடத்திலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் காபித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.