கை தூக்கிய நடத்துநர்

பிரான்சின் கொங்கர்னோ துறைமுகத்தில் கொராந்தினை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக் கடைசி வருஷப் பிள்ளைகளுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். "மகிழ்ச்சி நம் கையில் இருக்கிறதா?" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டு, நாலு மணி நேரம் எழுதச் சொல்கிற பரீட்சைக்கு ஊர்ப் பிள்ளைகளைத் தயார்செய்தவர். வலை இழுக்கிறவனும் வங்கியில் உட்கார்ந்திருக்கிறவளும் அவரிடம் சந்தேகப்படக் கற்றவர்கள்தான்.

"சந்தேகம் வந்தாத்தான் யோசனை ஆரம்பிக்கும்" என்பார். அவருக்கோ அது ஆரம்பித்ததோடு சரி, எங்கேயும் முடிந்ததில்லை. வீடு வாங்கலாமா என்று யோசித்தே வாடகை வீட்டில் தலை நரைத்தது. அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவார். கல்யாணமும் அப்படியே யோசனையில் நின்றுபோயிற்று. யாராவது குத்திக்காட்டினால் கோபம் வராது. "ஆமாம், நான் ஏன் இப்படி?" என்று, வேறு யாரையோ பார்ப்பதுபோலத் தன்னையே ஆவலாகப் பார்ப்பார்.

ஓய்வு பெற்றபின் ஞாயிறு காலைகளில் சொலாஞ்சின் காபிக்கடையில் தத்துவக் கூட்டம் நடத்திவந்தார். வந்தவர்கள் தலைப்பு சொல்வார்கள். எதற்கு நிறையக் கை எழும்புகிறதோ அதுதான் அன்றைய பேச்சு. நடத்துகிறவர் யார் அடுத்துப் பேசுவது என்று முறை கொடுப்பாரே தவிர, தன் கருத்தைச் சொல்லக் கூடாது. இந்த விதி கொராந்தினுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை, நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டே சொலாஞ் சொன்னாள்:

"நான்த் பட்டணத்துல எங்கக்கா தனியா கெடக்கறா. கடையை வித்துட்டு வந்துடுன்னு நச்சரிக்கறா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பதில் சொல்றதா சொல்லியிருக்கேன். நீ கடைக்கு மேல, என் மாடிக்கு வந்து என்கூட இருக்கறதா இருந்தா நான் எங்கயும் போகல."

"யோசிக்கணும், சொலாஞ்."

"என் புருஷன் செத்து, அதுக்கப்புறம் நீ இந்தக் கடைக்கு வர ஆரம்பிச்சதுலேர்ந்து யோசிக்கறே. ஞாயிறு வரைக்கும் யோசி. அதுக்கு மேல யோசிக்கணும்னா நான்த்துக்கு ரயில் ஏறி வந்து யோசி."

ஞாயிறு வந்தது. "மிருகங்களுக்கு மகிழ்ச்சி உண்டா?" என்றார் ஒருவர். வரி கட்டுவது நியாயமா என்று கேட்டார் இன்னொருவர். அதுவரை ஒரு தலைப்பும் சொல்லியிராத சொலாஞ் காபி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"சந்தேகம்ங்கறது பயத்துக்கு நாம மாட்டிவிடற கோட்டுதானா?"

கடை முழுக்கக் கை எழும்பியது. கொராந்தின் கைகளை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினார். பிறகு முறை கொடுத்தார்.

மீன் ஏலக்கூடத்து மத்துரின் முந்திக்கொண்டான். "கோட்டுதான்! நானே போட்டுக்கிட்டுத் திரிஞ்சவன். சொந்தப் படகு வாங்கலாமான்னு சந்தேகமா இருக்கு, சந்தேகமா இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னேன். சந்தேகமாவது மண்ணாவது! தண்ணியக் கண்டாலே எனக்கு நடுக்கம்."

சிரிப்பு அடங்கியதும் மருந்துக்கடை மதாம் ப்ரிஜான் எழுந்தார். "அப்போ பயமில்லாதவங்க நல்லா வாழ்றாங்களா? எங்க வீட்டுக்காரர் எதுக்கும் பயப்படல, எதையும் யோசிக்கல. அவர் காரை ஓட்டினார், பக்கத்துல உக்காந்து நான் பயந்தேன்."

"அம்மா, கார் வேற. ஒருத்தனை ஒருத்தி கூட வந்து இருன்னு கூப்பிடறான்னு வெச்சுக்குங்க" என்றான் மத்துரின், ஒன்றும் அறியாமல். "அவன் ஆகட்டும் பாக்கலாம்னு இழுத்தடிக்கறான். இது சந்தேகமா, பயமா?"

சொலாஞ் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கொராந்தின் தேடிப் பார்த்தார். நெஞ்சில் இல்லை, வயிற்றிலும் இல்லை. முழங்காலில் இருந்தது. முழங்காலா! வாழ்நாள் முழுக்கப் பயத்தைப் பற்றிப் பாடம் நடத்தியும் அது குடியிருக்கும் இடம் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

"மத்துரின், நீ நடத்து" என்று சொல்லிவிட்டுக் கை தூக்கினார். ஏற்கெனவே ஏழெட்டுக் கைகள் எழும்பியிருந்தன. தன் முறை வருவதற்குள் மத்தியானமாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

"பேசாதவங்களுக்குத்தான் முதல் முறை" என்றான் மத்துரின். "உங்க சட்டம்தானே? இத்தனை வருஷத்துல நீங்க இங்க ஒரு வார்த்தை பேசினதில்ல. எந்திரிங்க வாத்தியாரே."

எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். கடவுளை, அரசாங்கத்தை, அடுப்பை. ஒண்ணை மட்டும் சந்தேகப்படவே இல்ல. தனியா இருந்தாத்தான் நான் நல்லா இருப்பேன்னு நெனச்சேனே, அதை. அது ஏன் என் கண்ணுல படலன்னு இப்பத்தான் பாக்கறேன்."

"இது பதிலா, இன்னொரு கேள்வியா?" என்றாள் சொலாஞ்.

"பதில்தான். மாடிக்கு வரேன். பயம் போகல, அதுவும் கூடத்தான் வரும்."

"இதெல்லாம் தலைப்புக்குள்ள வருதா?" என்று மத்துரின் விழித்தான். மதாம் ப்ரிஜான் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

சொலாஞ் கோப்பையை வைத்துவிட்டு சமையலறைக்குள் போனாள். "இல்லக்கா, நான் வரல..." என்று தொலைபேசியில் சொல்வது கேட்டது.

மதாம் ப்ரிஜான் கொராந்தின் பக்கம் சாய்ந்தார். "இப்ப எப்படி இருக்கு?"

"தெரியல. பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அவர்.