ரயில்வே கேட்டாண்ட புடிச்ச பயம்

பன்னண்டாவது படிக்கிறப்ப எனக்குத் தூக்கம் போச்சு. சோறு எறங்காது. செத்துப்போனா தேவலாம்னுகூட தோணும். இன்னா காரணம்? ஒரு பையன், எங்க கிளாஸ்தான். நம்பி நெருங்கிப் பழகிட்டேன். ஒருநாள் ஆரம்பாக்கம் ரயில்வே கேட்டாண்ட பைக்கை நிறுத்தி, இனிமே பேசாதன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருந்தான். அவன் போனதுகூடப் பரவால்ல. நான் கெட்டுப்போன பொண்ணுன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது பாருங்க, அதுதான் என்னைத் தின்னுச்சு.

எங்கம்மா கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒண்ணுக்கு ஷிஃப்டு போறவ. காத்து கருப்புதான்னு முடிவே பண்ணிட்டா. மந்திரிக்கிறவரு வேப்பிலையை வச்சுக்கினு, நீ எங்க பயந்தேன்னு கேட்டாரு. அழுதுக்கினே, ரயில்வே கேட்டாண்டன்னேன். நான் வாயைத் தொறந்து சொன்ன ஒரே நெசம் அதுதான். அதையும் பேய் கணக்குல எழுதிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே அம்மா என்னைக் கூட்டிக்கினு போயி அங்க சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டா. அந்த நேரம் பார்த்து அவனே பைக்ல வந்தான். பழத்தை மிதிக்காம நைசா ஒதுங்கிப் போனான். தொரைக்குப் பேய்னா பயமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

கையில மந்திரிச்ச கயிறு கட்டியும் பேஜாரு தீரல. கடைசில அம்மா லீவு போட்டு மனநல டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனா. அந்த டாக்டரம்மா, பொண்ணுகிட்ட தனியா பேசணும், கொஞ்சம் வெளிய இருங்கன்னு சொன்னாங்க. அம்மா அசையல. வயசுப் பொண்ணை விட்டுட்டு எங்க போறது, எதுனாலும் என் எதிர்லயே சொல்லட்டும்னா.

இவ காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன். சொல்லலன்னா இன்னும் எத்தினி ராத்திரி தாங்குவேனோ, அதுவும் தெரியல. தூக்கம் வரலன்னு மட்டும் சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கினேன்.

அம்மா கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தா. அப்புறம் பையை எடுத்துக்கினு எழுந்தா.

"என் எதிர்ல சொல்ல முடியாதது ஏதோ கீது. எனக்குத் தெரிய வேணாம்டி. இவங்ககிட்ட சொல்லிடு. எனக்கு நீ உசுரோட இருந்தா போதும்."

கதவைச் சாத்திக்கினு வெளிய போயிட்டா. அப்பதான் நான் பேசினேன். பேசப் பேச, டாக்டரம்மா ஒரு தடவைகூட முகம் சுளிக்கல.

எங்கம்மா இன்னி வரைக்கும் அது இன்னான்னு கேட்டதே இல்ல.