குரலுக்குப் பின்னால் ஒரு தட்டல்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்து மேசையில் யாராவது கதைத்தால் என் சாப்பாடு ஆறிவிடும். இந்தப் பழக்கத்துக்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்பது, சுவிட்சர்லாந்தில் சோலோதுர்ன் நகரில் இப்போதைய வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலைத் துடைத்து, மறுபடி வெளியிடுகிற அளவுக்குச் சீராக்கிக் கொடுக்கும் சிறிய ஸ்டூடியோ. ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்பதுதான் என் உத்தியோகம்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டி நாடாக்கள் வந்தன. அறுபதுகளில் இந்தப் பக்கத்தில் பெயரெடுத்த ஒரு பாப் ராக் குழுவின் கடைசி இசைத்தட்டு. பாடகர், கிதார்காரர், பேஸ் கிதார்காரர், டிரம்ஸ்காரர் என்று நாலு பேர். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. நால்வரும் சரி என்று சொன்னால்தான் தட்டு மறுபடி வரும்.

நாடாவைப் போட்டுக் கேட்டதுமே எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து நாடாக்களில் பாட்டு முடிந்ததும் சிரிப்பு, தும்மல், ஒருவரை ஒருவர் திட்டுவது எல்லாம் கேட்கும். வேலைக்கு உதவாவிட்டாலும் எனக்குப் பிடித்த இடங்கள் அவைதான். இந்த நாடாவில் ஒருவர் வாசித்து முடிப்பார். பிறகு கதவு சாத்தும் சத்தம், அவ்வளவுதான். ஒரே பாட்டுக்காக ஒவ்வொருவரும் வேறு வேறு நாளில் வந்து, நாடாவில் தனக்கென்று ஒதுக்கிய தடத்தில் தன் பங்கைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போதும் அப்படித்தான் வந்தார்கள். வருவதற்கு முன் தொலைபேசியில், “அவன் இண்டைக்கு வரமாட்டான்தானே?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். (அவர்கள் பேசியது சுவிஸ் ஜெர்மன். வீட்டில் போய் நான் எங்கள் தமிழில்தான் சொல்வேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் வந்தவர் கிதார்காரர். அந்த நாட்களில் அவருக்குச் சிதார் பைத்தியம். நல்ல பாட்டுகளுக்கு நடுவில் சிதாரைப் புகுத்தியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய், “பிள்ளைக்கு இது விளங்கும்” என்றார். நான் சிதாரைக் கையால் தொட்டதே இல்லை. நாங்கள் இலங்கை என்றேன். “அதுவும் பக்கந்தானே. சிதாரின்ரை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ” என்றார்.

அடுத்த வாரம் பேஸ்காரர். அவருக்குத் தேவாலயப் பாடகர் குழுவின் மேல் ஆசை இருந்திருக்கிறது. தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, ஓர் ஊரே பாடுவது போல் செய்திருந்தார். அவரும் கூட்டச் சொன்னார், தன்னைத்தான்.

பிறகு பாடகர். கழுத்தில் பட்டுச் சால்வை. குரல்தான் பாட்டு, மற்றதெல்லாம் சோடனை என்பது அவருடைய எண்ணம். தட்டின் கடைசிப் பாட்டில் அவருக்கு ஒரு குறை இருந்தது, ஒரு கொசுச் சத்தம். “என்ரை குரலுக்குப் பின்னால நுளம்பு மாதிரி ஒண்டு கேக்குது. அதைத் துடைச்சு விடுங்கோ.” அது நாடாவின் இரைச்சலாக இருக்கும், துடைத்துவிடலாம் என்றேன்.

கடைசியாக டிரம்ஸ்காரர் வந்தார். எங்கடின் பள்ளத்தாக்கில் மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டச் சொல்லவில்லை. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் போடச் சொல்லி, கண்ணை மூடாமல், என்னையே பார்த்தபடி கேட்டார்.

“இதில வாசிக்கிறது நான் இல்லை” என்றார்.

எல்லாப் பாட்டுக்கும் முதலில் பதிந்தவர் அவர்தானாம். முடித்துவிட்டு, எங்கடினில் ஒரு ஹோட்டலுக்குப் பனிக்கால வேலைக்குப் போயிருக்கிறார். தட்டு வெளிவந்ததும் காசு கொடுத்துக் கடையில் வாங்கியிருக்கிறார். கடைசிப் பாட்டில் வாடகைக்குப் பிடித்த வேறு யாரோ ஒருவர் வாசித்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அதோடு டிரம்ஸை விற்றுவிட்டு ரயிலில் சேர்ந்துவிட்டார்.

“நான் வாசிச்சது கீழ எங்கயாவது கிடக்குதோ, பிள்ளை?”

“இல்லை. அதே தடத்தில திரும்பப் பதிஞ்சால் முந்தினது அழிஞ்சுபோகும்.”

“ஓம். அப்பிடித்தான் நினைச்சன்.” தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “மற்றப் பாட்டுகளுக்கு எனக்குச் சம்மதம். இதைப் போடவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ.”

அவர் படியிறங்கிப் போகும் சத்தத்தைக் கடைசிப் படிவரை கேட்டேன். இவ்வளவு தூரம் ரயிலில் வந்தவரை ஒரே வாக்கியத்தில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் பாடகரின் நுளம்பைத் துடைக்க உட்கார்ந்தேன். துடைப்பதற்கு முன்னால், துடைக்கப்போவது என்ன என்று பார்க்காமல் எனக்குக் கை வராது. அவருடைய குரலை மட்டும் தனியாகப் போட்டு, அவர் மூச்சு வாங்குகிற இடைவெளிகளைப் பெரிதாக்கினேன். டிக், டிக் என்று மெல்லிய தட்டல் கேட்டது. இரைச்சலுக்குத் தாளம் இருக்காது, இதற்கு இருந்தது. டிரம்ஸ் தடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் அந்த வாடகை ஆள் வாசிக்காமல் சும்மா இருக்கிறார். தட்டல் நிற்கவில்லை.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பாடுகிறவர் ஹெட்போனில் மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக்கொண்டுதான் பாடுவார். அந்தக் காலத்து ஹெட்போனில் சத்தம் வெளியே கசியும், கசிவதெல்லாம் அவர் முன்னால் இருக்கும் மைக்கில் விழும். அப்படியானால் பாடகர் பாடிய நாளில் வாடகை ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய காதுக்குள் இருந்தது பழைய டிரம்ஸ்காரர். மற்றப் பாட்டுகளோடு ஒப்பிட்டேன். சரணம் தொடங்குவதற்கு ஒரு துளி முந்தி இரண்டு தட்டுத் தட்டுவது எங்கடின்காரரின் பழக்கம். அது இங்கேயும் இருந்தது. அவர் வாசித்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான். அதைத்தான் நான் துடைக்கவிருந்தேன்.

வீட்டில் புட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் பாசலில் டிராம் ஓட்டுகிறவர், எந்தச் சிக்கலிலும் நேரத்துக்குப் போய்ச் சேருவதைத்தான் பார்ப்பார்.

“பாடகர் துடைக்கச் சொன்னவர். துடைச்சுக் குடுத்துவிடும். உமக்கேன் தேவையில்லாத வேலை?”

“தேவையில்லாத வேலை எண்டால்தான் எனக்குச் சந்தோசம். உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும். அதாலதான் சொல்லுறன்.” கொஞ்சம் சாப்பிட்டார். “எனக்கும் ஒருக்கால் போட்டுக் காட்டுமன்.”

பாடகரைத்தான் முதலில் கூப்பிட்டேன். குரல் அவருடையது, முடிவும் அவருடையது. நுளம்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி, தட்டலைப் பெரிதாக்கிப் போட்டேன். இரண்டாவது சரணம் வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அவன்” என்றார்.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

“புதுசாய் ஒண்டு செய்யவேணும் எண்டு நினைச்சம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டை நினைச்சம். அவன் ஊரில இல்லை.” சால்வையைக் கழற்றினார், திரும்பக் கட்டினார்.

“துடைக்கவோ?”

“வேண்டாம். கிடக்கட்டும்.”

“அதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கோவன்.”

“நீங்கள் போட்டுக் காட்டுங்கோ, பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு இந்த வயதிலும் தைரியம் இல்லை.

நான் கூப்பிட்டு எங்கடின்காரர் மறுபடி வந்தபோது அவருடைய தொப்பியில் இன்னும் பனி ஈரம் இருந்தது. நான் எதையும் விளக்காமல் பாடகரின் தடத்தைத் தனியாகப் போட்டேன். முதலில் முகம் சுளித்தார், அந்தக் குரலை அவர் கேட்க வரவில்லை. பாடகர் மூச்சு வாங்கினார். தட்டல் கேட்டது. டிரம்ஸ்காரரின் கை முழங்காலுக்குப் போனது. சரணத்துக்கு ஒரு துளி முந்தி, நாடாவும் அவருடைய விரலும் சேர்ந்து இரண்டு தட்டுத் தட்டின.

பாட்டு முடிந்தது. பிறகு, “அப்ப, இவன் என்னோடதான் பாடியிருக்கிறான்” என்றார்.

“ஓம்” என்றேன். “பாட்டைத் தட்டில போடலாமோ?”

தலையாட்டினார். தட்டலைக் கூட்டச் சொல்லப்போகிறார் என்று என் கை தயாராக இருந்தது.

“அவன்ரை குரலைக் கொஞ்சம் கூட்டுங்கோ” என்றார்.

கூட்டினேன். குரலோடு சேர்ந்து, அதே தடத்தில் கிடந்த தட்டலும் மேலே வந்தது.