கேமராவைக் கத்த வைத்த மயில் கழுத்துப் புடவை

ஞாயிறு காலை ஏழரை மணி. வேலூர் பேருந்து நிலையத்தில் ஆரணி வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். ஆரணிக்குப் போகிறவர்கள் பட்டுப் புடவை வாங்கப் பணம் கொண்டு போவார்கள். நான் கொண்டு போனது ஒரு தலைவலி.

எம்.எஸ்சி. முடித்து, ஒளியியலில் ஆராய்ச்சி செய்ய இடமும் கிடைத்துவிட்டது. எந்தப் பிரிவு என்பதை மட்டும் அன்று இரவுக்குள் பேராசிரியருக்கு எழுத வேண்டும். ஒன்று, ஒளியைத் துகள் துகளாகப் பிரித்துப் பார்க்கும் குவாண்டம் ஆய்வகம். பதினேழு வயதிலிருந்து எனக்கு அதன்மேல் காதல். இன்னொன்று, விளக்கும் கேமராவும் வைத்துப் பொருள்களின் மேற்பரப்பில் குறை கண்டுபிடிக்கும் ஆய்வகம். அதைப் பற்றி யாரைக் கேட்டாலும் ‘கம்பெனிகளில் வேலை கிடைக்கும்’ என்றார்கள். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் ‘நல்ல பையன்’ என்று மட்டும் சொல்வார்களே, அந்த மாதிரி.

என் அப்பா சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் மெஷின்மேன். அவருக்கு இருப்பது ஒரே கேள்வி: படிச்சு முடிச்சா வேலை இருக்குமா? எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் தப்பான கேள்வி அல்ல. எங்கள் விடுதியில் ஒரு அக்கா அருமையான ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார். இப்போது நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும்.

இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன என் அறைத்தோழி ரேவதிதான் ஆரணிக்குக் கூப்பிட்டாள். அது அவளுடைய ஊர்.

“ரூமுக்குள்ள நடந்துகினே இருந்தா முடிவு வந்துடுமா முத்து? எங்க ஊருக்கு வா. எங்க சித்தப்பா பொடவை செக் பண்றதுக்கு ஒரு கேமரா வாங்கி வச்சிகினு அல்லாடறாரு. அதையும் ஒரு பார்வை பாரு” என்று சொல்லிவிட்டு, முதல் நாளே ஊருக்குப் போய்விட்டாள்.

கண்ணமங்கலத்தில் பாதி வண்டி இறங்கி, முக்கால் வண்டி ஏறியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் மடியில் கூடையை வைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

“ஆரணிக்குப் பொடவை எடுக்கப் போறியாம்மா?”

“இல்லைங்க. ஒரு முடிவு எடுக்கப் போறேன்.”

“பொடவைன்னா கூட ஜல்தியா எடுத்துடலாம். முடிவு எடுக்கறதுதான் பேஜாரு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். வலப்பக்கம் ஜவ்வாது மலை நீலமாகக் கூடவே வந்தது.

ஒன்பது மணிக்கு முன்பே ஆரணி. ரேவதி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். இட்லி, வடகறி, காபி எல்லாம் முடிந்தது, இருவருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். அவள் வண்டி புகுந்த தெருக்களில் எந்த வீட்டைத் தாண்டினாலும் உள்ளே விசைத்தறி ஓடும் சத்தம். ஒரு தெருவில் தெரு நீளத்துக்கும் பாவு நூல் நீட்டிக் கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதை அந்தத் தெருக்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது.

ரேவதியின் சித்தப்பா குமரேசன் தறிக்காரர்களிடம் புடவைகளை வாங்கி, சென்னைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வாம்மா வா. சாப்பாட்டுக்குள்ள சரி பண்ணிடுவல்ல?”

உள்ளே நீண்ட மேசை. அதன்மேல் புடவை மெதுவாக உருண்டு நகர்கிறது. மேலே கேமரா, ஓரத்தில் ஒரு பளீர் விளக்கு. புடவையில் இழை விட்டிருந்தாலோ கறை இருந்தாலோ மணி அடிக்க வேண்டும். இது அதைத் தாராளமாகச் செய்தது. அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கேமராவை விற்ற கம்பெனி அனுப்பிய கோயம்புத்தூர் இளைஞர் தினேஷ், கணினிக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“எல்லாப் புடவையும் டேமேஜுன்னு சொல்லுதுங்க மேடம். நேத்து என் சட்டைய வச்சுப் பாத்தேன். அதையும் டேமேஜுன்னுடுச்சுங்க.”

“அது நெசமாவே டேமேஜுதான் தம்பி” என்றார் வழக்கமாகப் புடவைகளைக் கையால் பிரித்துச் சரிபார்க்கும் சாந்தி அக்கா. அறையே சிரித்தது, தினேஷும் சிரித்தார்.

ஜரிகைக் கரையில் விளக்கு பளிச்சென்று பட்டுத் தெறிப்பதை முதலில் பார்த்தேன். அதைத்தான் கேமரா குறை என்று நினைக்கிறது. வெளிச்சத்தைப் பரப்பிவிட வேண்டும். அலமாரியிலிருந்து சித்தப்பாவின் புது வேட்டி ஒன்றை எடுத்து, விளக்குக்கு முன்னால் திரையாகக் கட்டினோம். அரக்குப் புடவை சத்தமில்லாமல் போனது. மஞ்சளும் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

அடுத்து வந்தது மயில் கழுத்து. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. மணி அலறியது. திரையைக் கீழே இறக்கினேன், ஏற்றினேன், இரண்டாய் மடித்தேன். அலறல் நிற்கவில்லை.

விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, என் கைப்பேசி வெளிச்சத்தைப் புடவைக்கு மேலாக மெல்ல நகர்த்தினேன். கணினித் திரையில் நீலம் பச்சையாகி, பச்சை மீண்டும் நீலமாயிற்று. மேசையில் துணி கொஞ்சம் மேடேறினாலும் நிறம் ஓடியது. தினேஷ் இதற்குச் சரியான நிறம் என்று ஒன்றைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதிலிருந்து விலகும் ஒவ்வொரு இடமும் அதற்குக் குறை.

“கலர் மாறிக்கிட்டே இருக்கு, அதான் பிரச்சினை” என்றேன்.

சித்தப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “என்னம்மா நீ? மாறத்தான வேணும்! அதுக்குத்தான் ஜனங்க வாங்குது. எங்கயாவது மாறலைன்னா, அங்க ஊடை தப்பாயிருக்குதுன்னு அர்த்தம்.”

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அப்படியானால் இந்தக் கேமரா நிறத்தைப் பார்க்கக் கூடாது. நிறம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எத்தனை விளக்குகள்? எந்தெந்தக் கோணங்களில்? ஒன்று மாற்றி ஒன்று எரிந்தால்? நகர்கிற துணியில் அதற்குள் படம் பிடிக்க முடியுமா? புடவையை நிறுத்தச் சொல்லி, வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். ரேவதி மூன்றாம் முறை சாப்பிடக் கூப்பிட்டபோது கொஞ்சம் கத்தித்தான் கூப்பிட்டாள். அவ்வளவு நேரமும் பேராசிரியர், பிரிவு, பயம் எதுவும் நினைவுக்கே வரவில்லை என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டில் கோழிக் குழம்பு. தினேஷின் பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகவே கேட்டேன்: “உங்க கம்பெனியில லென்ஸும் லைட்டும் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?”

“சாஃப்ட்வேருக்கு நாப்பது பேருக்கு மேல இருக்கோமுங்க. லைட்டுக்கு ஒருத்தர் இருந்தார். வேற கம்பெனிக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப சந்தேகம் வந்தா, லைட் விக்கிறவரையே கேட்டுக்கறோமுங்க.”

“அவர் என்ன சொல்வார்?”

“இன்னொரு லைட் வாங்கிக்கச் சொல்வாருங்க.”

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. ரேவதி தலையில் தட்டினாள்.

திரும்பும்போது ரயிலில் போக ஆசைப்பட்டேன். ஆரணி ரோடு ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. சித்தப்பா காரில் கொண்டுபோய் விட்டார். களம்பூர் முழுக்க அரிசி ஆலைகள், ஆலை வாசல்களில் நெல் லாரிகள்.

“இந்த மில்லுங்கள்ல கூட கேமரா வச்சுத்தான் கருப்பு அரிசியக் கண்டுபுடிச்சு, காத்தால ஊதித் தள்றானுங்க. ரிப்பேர்னு வந்தா ஆள் வர்றதுக்குள்ள பாதி சீசன் போய்டுது. நீ படிச்சுட்டு வாம்மா, முதல்ல என் மயில் கழுத்த முடிச்சுக் குடு” என்றார். வேலைக்கு ஆள் எடுக்கும் தோரணையே வந்துவிட்டது அவருக்கு.

நடைமேடையில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதினேன். மேற்பரப்பு ஆய்வகம், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும் பரப்புகள் பற்றி ஆராய விரும்புகிறேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் கொஞ்ச நேரம் நின்றது. பதினேழு வயதுக் காதலை விடுவது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் காதல் ஒரு நாளும் என்னைச் சாப்பாட்டை மறக்க வைத்ததில்லை. அனுப்பிவிட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறு. முதல் காலண்டர் தாளில் சாமி முகம் என்ன நிறமோ, கடைசித் தாளிலும் அதே நிறம் இருக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் கழிவு. அதற்காகவே முப்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவர் அப்பா. மாறினால்தான் சரி என்று ஒரு சரக்கு இருப்பதை அவர் என்னை இரண்டு முறை சொல்ல வைத்துத்தான் நம்பினார். தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. அவர் தன் வழக்கமான கேள்விக்குத்தான் வரப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“அந்த மிஷினு இப்பவும் கத்துதா?” என்றார்.

“கத்துதுப்பா.”

“எல்லாரும் பாத்தும் நிறுத்த முடியலையா?”

“முடியலப்பா.”

“அப்பச் சரி, வேலை இருக்கு. நீ பாத்து ரயில் ஏறு.”