தூணில்லாத போர்டிகோ

கணபதியில் ஓட்டுக்கூரை லைன் வீட்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிப் புதிதாக மனை பிரித்த தெருவில் வீடு கட்ட ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் பம்ப்செட் பட்டறையில் ஃபோர்மேன். அந்தத் தெருவில் எல்லாமே கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடுகள். வளைந்த பால்கனி, மொசைக் தரை, கார் நிறுத்த முன்னால் ஒரு போர்டிகோ. எதிர் வீட்டுப் போர்டிகோவுக்குத் தூணே கிடையாது, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். ஆனாலும் போர்டிகோ வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சரியென்று வீட்டுக்காரர் போட்ட பிளானில் அதற்கு இரண்டு தூண்கள் இருந்தன.

தூணுக்குக் குழி தோண்டுவதை வேடிக்கை பார்க்க எதிர் வீட்டு அம்மாள் வந்தார். "சத்திரமாட்ட இருக்குமுங்களே!" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் மேஸ்திரியிடம் போனேன். "ஏனுங்க, எதிர் ஊடு மாதிரி தூணில்லாமக் கட்டிப்போடலாமுங்களா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். மேலே ஒருமுறை பார்த்தார். "செஞ்சுபோடலாமுங்க அம்மணி" என்றார்.

சாயங்காலம் குழி மூடிக் கிடப்பதைக் கண்ட வீட்டுக்காரர் அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். "யாரைக் கேட்டு மாத்துனீங்க? யார் தலையிலயாச்சும் உழுந்தா என்னங்க பண்ணுவீங்க?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் பொறுப்புங்க. முட்டு எடுக்கறப்ப நானே அடியில நிக்கிறேனுங்க" என்றார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வாக்கை நம்பி வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்க, கான்கிரீட் போட்டார்கள். அடியில் சவுக்குக் கம்பங்களை முட்டுக் கொடுத்து, மேலே பாத்தி கட்டி மூன்று வாரம் தண்ணீர் நிறுத்த வேண்டும். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குடம் குடமாக ஏணியில் சுமந்து ஊற்றினேன். மேஸ்திரியின் மனைவி எங்கள் வீட்டிலேயே சித்தாளாக இருந்தாள். மூன்று குழந்தைகள், கடைசியது அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. "நல்லா ஊத்துங்க அக்கா, அப்பத்தான் இறுகும்" என்று அவள் சிரிப்பாள். பாவி, உன் புருஷன் தலைக்கு மேலேதானே ஊற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். தெருவில் லாரி போனால்கூட ஓடிவந்து போர்டிகோவைப் பார்ப்பேன்.

முட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. மேஸ்திரி சூடம் கொளுத்திக் கும்பிட்டார். ஆட்களையும், லீவு போட்டிருந்த வீட்டுக்காரரையும் என்னையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுத்தியலோடு தனியாக அடியில் போனார். அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளி ஓரத்து முதல் கம்பத்தை அவர் தட்டினார். அது சத்தத்தோடு சாய்ந்து விழுந்தது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"தூணு வேண்டாம்னது நாந்தாங்க!" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். "நீங்க அவரைத் திட்டுனப்ப சும்மா நின்னுட்டேன். உழுந்தா என் தலையிலயும் உழுகட்டும்!"

"வெளிய போங்க அம்மணி, சாமி, போங்க" என்று மேஸ்திரி கெஞ்சினார். நான் நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசிக் கம்பமும் விழுந்தது. தலைக்கு மேலே எதுவும் அசையவில்லை.

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு முன்னால தூணில்லாம நான் கட்டுனதே இல்லீங்க" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க சரீன்னீங்க?"

"நீங்க அத்தனை மரியாதையாக் கேட்டீங்க. முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?"

வீட்டுக்காரர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். குடிவந்த பிறகு சைக்கிளை மட்டும் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிறுத்துவார்.

யார் வந்தாலும் நான் போர்டிகோவில் ஒரு நிமிஷம்கூட நிற்க விடமாட்டேன். "உள்ள வாங்க, மொதல்ல உள்ள வாங்க" என்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்விடுவேன். எதிர் வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவைத்தார்: "வந்தவங்கள வாசல்ல நிக்க வெக்காத அம்மணிங்க அது. என்ன மரியாதை, என்ன மரியாதை!"