மாப்பிள்ளை எந்த ஊர்?

ஒஸ்லோ, 2004. ஸ்டோவ்னர் போகும் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு நிலையம் கடப்பதற்குள் என் ஊர், அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிடுகிறார். பிறகுதான் என் மடியில் கிடக்கும் காகிதங்களைப் பார்க்கிறார்.

"இதென்ன தம்பி?"

நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் நான் வாசிக்கப்போகும் கட்டுரை என்கிறேன். ஏழாம் நூற்றாண்டு ஸ்லாவிய அரசன் ஒருவனைப் பற்றியது. அவன் உள்ளூர்க்காரனா, மேற்கிலிருந்து வந்த வியாபாரியா என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பன்னிரண்டு மனைவிகள் இருந்ததாக மட்டும் ஏட்டில் இருக்கிறது.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

"பன்னிரண்டு வீட்டிலை பொம்பிளை குடுத்திருக்கினம். மாப்பிள்ளை எந்த ஊரெண்டு ஒருத்தரும் விசாரிக்கேல்லையோ?"

முப்பது பக்கத்தில் எங்கும் இதற்குப் பதில் இல்லை. நாளைக்கு அரங்கில் ஒரு தமிழர்கூட இருந்துவிடக் கூடாது.